யாரும் ஏறாத நாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், அந்தச் சொல் மட்டும் கை வழியாக இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் எங்கள் நலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், கடிதம் முடிகிறபோது எனக்கு எந்த மனசு இருக்குமோ தெரியாது.

உன் அக்காவுக்கு ஆபீசில் மேல் பதவி கொடுத்திருக்கிறார்கள், வேலைதான் இரண்டு மடங்காகியிருக்கிறதே தவிர வேறு மாற்றம் ஒன்றையும் காணோம். மாப்பிள்ளை துணி துவைக்கிற மெஷின் வாங்கியிருக்கிறார், அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சினிமாச் செலவு மிச்சம் என்கிறாள் அக்கா. கீழ்வீட்டுத் தையல்காரர் என் தலையணை உறையை வாங்கி வைத்து இரண்டு மாதமாகிறது, கேட்டால் நூல் கலர் கிடைக்கவில்லையாம், வெள்ளை நூல் கிடைக்காத ஊரில் குடியிருக்கிறேன் போல. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது, என் அளவை நீ ரொம்பப் பெரிதாக நினைத்து வைத்திருக்கிறாய், அதற்குள் நானும் உன் அக்காவும் சேர்ந்தே நுழையலாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசத்தானே செய்கிறோம். மூன்று ஞாயிறாக நான் ம், சரி, வைக்கட்டுமா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அக்காவிடம் விசாரித்தாயாமே. உடம்புக்கு ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதைப் போனில் சொன்னால் லைன் சரியில்லை அம்மா என்று நீ தப்பித்துக்கொள்ளலாம், காகிதத்தில் எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது. தவிர, நமக்குள் இது ஒரு கடிதத்தில்தான் ஆரம்பித்தது.

நம் பழைய ஸ்டேஷனை நகராட்சி எடுத்து வாசகசாலை ஆக்கப்போகிறது. கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள், முப்பது வயசு இருக்கும், கையில் எப்போது பார்த்தாலும் ஒரு நோட்டு, நான் அவளுக்கு நோட்டுக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன், அவளும் ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டாள். திறப்பு விழா அன்றைக்குக் கொடுக்க ஸ்டேஷனின் சரித்திரத்தை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறாளாம். கடைசியாக அங்கே டிக்கெட் கொடுத்த ஆள் யார் என்று தேடிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டாள். சரித்திரம் என்றால் ராஜாக்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், இப்போது எனக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அக்காவிடம் ஜம்பம் அடித்துக்கொண்டேன். நோட்டுக்காரி சொல்லித்தான் எனக்கே பல விஷயம் தெரிந்தது. அந்த ஸ்டேஷனை ஜனங்களுக்காகக் கட்டவே இல்லையாம், குவாரிக் கல்லுக்காகக் கட்டினார்களாம். முதல் பதினோரு வருஷம் மனுஷன் ஒருத்தன் ஏறவில்லை, கல்தான் ஏறியது. பிளாட்பாரம் இரண்டு பெட்டி நீளத்துக்கு மேல் இல்லாததற்கும் அதுதான் காரணம், கல் ஏற்ற அவ்வளவு போதும், பிறகு ஜனங்கள் ஏற ஆரம்பித்தபோதும் அதை யாரும் நீட்டவில்லை. பின்பெட்டியில் வருகிறவர்கள் சரளைக்கல்லில் குதித்து இறங்கியதற்கு அதுதான் கதை. குவாரியில் ஊற்று கிளம்பிக் கல் வெட்டுவது நின்றதும் ஸ்டேஷனையும் நிறுத்தியிருப்பார்கள், அதற்குள் குவாரிக்கு வந்த குடும்பங்கள் ஒரு ஊராகவே ஆகிவிட்டதால் கூட்ஸ் வண்டியின் வாலில் ஒரு பயணிப் பெட்டியைக் கோத்து அனுப்பினார்களாம், அது வளர்ந்துதான் காலை மாலை வண்டியானது. பாதை அங்கேயே முடிந்துவிடும், அதற்கு அப்பால் குவாரித் தண்ணீர்தான். எஞ்சின் கழன்று, சுற்றி வந்து மறுபக்கம் மாட்டிக்கொண்டு திரும்பும், நீ சின்னதில் அதைப் பார்த்துவிட்டு எஞ்சினுக்குப் பின்னால் கண் உண்டா என்று அப்பாவைக் கேட்பாய்.

அப்பா அங்கே தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக வந்தவர், என் தம்பி, உன் மாமா, ஒன்றரை மைல் இந்தப் பக்கம் இருந்த லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். அப்பா காய்ச்சலில் போனபோது உனக்கு ஆறு வயசு. இரக்கப்பட்டு எனக்கு டிக்கெட் கொடுக்கிற வேலையும், பின்னால் இருந்த ஒன்றரை அறைக் குவார்ட்டர்ஸும் தந்தார்கள். என் தம்பி வேலை முடிந்து தினம் சைக்கிளில் வந்து தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவான், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுவான், நான் லீவில் இருந்தால் ஜன்னலில் உட்கார்ந்து டிக்கெட்டும் கொடுப்பான். டிக்கெட் அறைக்குச் சாவி இரண்டு, ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம். இதை நினைவில் வைத்துக்கொள். எனக்கு நம் எழுத்து நன்றாகத் தெரியும், ஆபீஸ் கடிதமெல்லாம் ஆபீஸ் பாஷையில் வரும், அதில் எனக்கும் அப்போது உன் அக்காவுக்கும் தெரிந்தது எண்ணும் முத்திரையும்தான். வாத்தியார் உன்னைத் தட்டிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்ததில் பத்து வயசிலேயே நீ அந்தப் பாஷையைக் கரைத்துக் குடித்திருந்தாய். காலை வண்டி கார்டு தோல் பையில் கடிதம் கொண்டுவருவார், சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து படித்துச் சொல்வாய், நான் மறக்காமல் இருக்க அதன் அர்த்தத்தை ஒரு சீட்டில் நம் எழுத்தில் பென்சிலால் எழுதிக் கடிதத்தின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து, காகிதம் கோத்து வைக்கிற கம்பியில் குத்திவிடுவாய். நாலு வருஷம் அந்த ஸ்டேஷன் உன் பென்சிலை நம்பித்தான் ஓடியது. என் பிள்ளைதான் எனக்குக் கண் என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் அந்த ஊரில் இல்லை.

அந்தக் கடிதம் வந்தபோது உனக்குப் பதினாலு. நீ படித்துவிட்டுச் சொன்னாய், வருகிற வியாழக்கிழமை மேலதிகாரி ஒருத்தர் சுத்தம் பார்க்க வருகிறார், நன்றாக வைத்திருக்கிற ஸ்டேஷனுக்குப் பரிசு உண்டு, அன்றைக்குக் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று போட்டிருக்கிறது என்று. சீட்டிலும் அப்படியே எழுதினாய், கம்பியில் குத்தினாய். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நானும் என் தம்பியும் மூன்று நாள் விடாமல் வெள்ளையடித்தோம், தண்டவாளத் துண்டில் செய்த மணியைக்கூடத் துலக்கினோம். தம்பி வீடு வீடாகப் போய், வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் யாரும் நம் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், முந்தின ஸ்டேஷனுக்கு நடந்து போய் ஏறிக்கொள்ளுங்கள், பரிசு வந்தால் ஊருக்குத்தானே பெருமை என்று கெஞ்சினான். ஜனங்கள் முணுமுணுக்கவே இல்லை. பால்காரர் கேன் வைத்தால் புதுத் தரையில் வட்டம் விழும் என்று கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மூன்று மைல் போனார். வாத்தியார் போனார். நிறைமாசமாக இருந்த நர்ஸ் கூட மெதுவாக நடந்தே போனாள். சொந்த ஸ்டேஷன் மேல் உள்ள ஆசையில் அதைக் காலியாக விட்டுவிட்டுப் போன ஜனங்கள் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம்.

அதிகாரி குடையோடு வந்தார், முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். குறிக்க அவருக்கு அன்றைக்கு வேலையே இல்லை, வெளியூரிலிருந்து வந்த மூன்று பேர் இறங்கினார்கள், அவ்வளவுதான். அவருக்கு நம் பேச்சு வராது, நீ பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். நீ என்னிடம் திரும்பி, “எப்பவும் இப்படித்தான் சுத்தமா இருக்குமான்னு கேக்கிறாரும்மா” என்றாய். நான் பூரித்துப்போய், “எப்பவும் இப்படித்தாங்கய்யா, இன்னிக்கின்னு புதுசா ஒண்ணுமில்லை” என்றேன். நீ அதை அவருக்குச் சொன்னாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டு குறித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பரிசே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

நாலு மாசம் கழித்து வந்தது உத்தரவு. போதிய பயணிகள் இல்லாததால் வண்டி இனிமேல் முந்தின ஸ்டேஷனோடு நிற்கும், நம் ஸ்டேஷனும் இடையில் உள்ள கேட்டும் மூடப்படும் என்று. அந்தக் கடிதத்தை மட்டும் நீ ஒழுங்காகப் படித்துச் சொன்னாய். முந்தின ஸ்டேஷன் டிக்கெட்காரர் என்னைப் பார்த்து, எண்ணிக்கை நாள் என்று உங்களுக்குக் கடிதம் வரவில்லையா, எங்களுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ கூட்டம் கொட்டியதே என்றார். எங்கிருந்தோ என்ன, எல்லாம் நம் ஜனங்களின் கால்தான். அவர் ஸ்டேஷனை நாம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்குச் சுத்தம் பார்க்க வருவதாகத்தான் எழுதியிருந்தார்கள், எங்களை ஏமாற்றிவிட்டார்கள், கடிதத்தைக் காட்டி மேலிடத்தில் கேட்கிறேன் என்று ஓடிவந்து கம்பியைப் பார்த்தால் உன் சீட்டு இருக்கிறது, அடியில் கடிதம் இல்லை. அறையைத் தலைகீழாகப் புரட்டினேன். உன்னைக் கேட்டேன், நான் குத்தித்தானேம்மா வெச்சேன் என்றாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, மாமாகிட்டயும் சாவி இருக்கே என்றாய். அந்த ஒரு வாக்கியம், அவ்வளவுதான் நீ சொன்னது, மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

அதே வாரம் ஊருக்குப் பஸ் விட ஒரு கம்பெனி வந்தது, கேட் வேலை போன என் தம்பி அதில் டிரைவராகச் சேர்ந்தான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பஸ்காரன் பேச்சைக் கேட்டுக்கொண்டு, நாம் மேலிடத்தில் போய்க் கேட்க முடியாதபடி கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான், அதற்குக் கூலிதான் இந்த வேலை என்று. பஸ் முதல் நாள் வந்து நின்ற இடத்தில், ஊரே பார்க்க, அவனை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கச் சொல்லி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவன், “நான் எடுக்கலக்கா” என்று மட்டும் சொன்னான். இரண்டு தரம் சொன்னான். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய், அந்தக் கை ஜில்லென்று இருந்தது, பிள்ளை பயந்துவிட்டான் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கு இந்த டவுன் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசில் வேலை, உனக்கு இங்கே பெரிய பள்ளிக்கூடம். ஊர் முழுக்க இன்றைக்கும் சொல்வது, டிக்கெட்காரம்மாவின் தம்பி ஸ்டேஷனை விற்றுவிட்டான் என்பதுதான். அதை முதலில் சொன்ன வாய் என்னுடையது.

இப்போது இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவனும் இதே டவுனில், பஸ் டிப்போவுக்குப் பின் தெருவில்தான் இருக்கிறான். கறிகாய்க் கடையில் அவனைக் கண்டால் நான் வேறு கடைக்குப் போவேன். உன் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அவன் உனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அக்காவிடம் கொடுத்தனுப்பினான், பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன், அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. நீ வெளிநாடு கிளம்பியபோது ஏர்போர்ட் வாசலில் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தானே, நான் மட்டுமா பார்த்தேன், நீயும்தான் பார்த்தாய். அந்தப் பக்கம் பார்க்காதீங்கம்மா என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினது யார் கை? என் மகன் எனக்காக எவ்வளவு ரோஷப்படுகிறான் என்று அன்றைக்கு வழி நெடுக அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போன மாசம் நோட்டுக்காரி என்னை ஸ்டேஷனுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். டிக்கெட் அலமாரியைச் செப்பனிடக் கழற்றியிருந்தார்கள், சுவரோடு சேர்த்து அடித்தது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அசைத்திருக்கிறார்கள். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஒல்லிக் கை மட்டும் போகிற இடைவெளி. அதற்குள் ஒரு தட்டையான பிஸ்கட் டின் இருந்தது அம்மா, பாருங்கள் என்று புதையல் கிடைத்த மாதிரி கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஏழு கோலிக்குண்டு. அப்பாவின் விசில். நீ தொலைத்துவிட்டேன் என்று அழுது என்னிடம் வேறு வாங்கிக்கொண்ட காம்பஸ். அதற்கு அடியில் எட்டாக மடித்து இரண்டு காகிதம். முத்திரையைப் பார்த்ததுமே படித்துச் சொல் என்று அவளிடம் நீட்டினேன். அவள் ஒன்றும் தெரியாத பெண், சத்தமாக, ஒவ்வொரு வரியாக, நம் பேச்சில் மாற்றிப் படித்துக் காட்டினாள். வியாழக்கிழமை முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை ஏறுகிற இறங்குகிற ஆட்கள் எண்ணப்படுவார்கள். பாதையை எந்த ஸ்டேஷன் வரை வைத்துக்கொள்வது என்பதை அந்த எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்வார்கள். எனவே பயணிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடவும். சுத்தம் என்ற சொல்லே அதில் இல்லை, பரிசும் இல்லை. நான் அவளைத் திரும்பப் படிக்கச் சொன்னேன், மூன்று தரம் படித்தாள். இரண்டாவது காகிதம், டவுன் பள்ளிக்கூட விடுதியில் சேர விண்ணப்பம். உன் பெயர், வயசு, படிப்பு எல்லாம் உன் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. பெற்றோர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி. நோட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

நீ அங்கே எவ்வளவு வெறுத்துப்போயிருந்தாய் என்பது எனக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. பிள்ளைகள் உன்னை டிக்கெட், டிக்கெட் என்று கூப்பிட்டார்கள், மழைக்கு ஒழுகுகிற அறையில் பார்சல் மூட்டை மேல் உட்கார்ந்து படித்தாய். ஆனால் கேட்டிருக்கலாமே. அம்மா, நான் போக வேண்டும் என்று வாய் விட்டுச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன், மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டிருப்பேன். என்னை விட்டுப் போக உனக்கு மனசு வரவில்லை, அதனால் என்னையும் சேர்த்துக் கிளப்பிவிட்டாய் என்று உன் அக்கா உனக்காகப் பேசுகிறாள். இருக்கலாம். ஒரு பையன் ஊரை விட்டுப் போவதற்கு ஒரு ஸ்டேஷனையா மூட வேண்டும்? பதினாலு வயசு என்று எனக்கு நானே ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பதினாலு வயசை மன்னித்துவிடலாம்டா, பெற்றவள் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி. அதற்குப் பிறகு வந்த இருபத்தாறு வருஷத்தை நான் என்ன செய்வது? இருபது வயசில் சொல்லியிருக்கலாம், முப்பதில் சொல்லியிருக்கலாம், உனக்கு ஒரு பெண் பிறந்து அவளைத் தோளில் தூக்கிய அன்றைக்காவது உன்னை யார் தோளில் தூக்கினான் என்று நினைவு வந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு உன்னை நம்பினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, என் கண்ணாகவே நீதான் இருந்தாய். வேறு யார் ஏமாற்றியிருந்தாலும் நான் இப்படி ஆடிப்போயிருக்க மாட்டேன். இப்போது உன் பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்க்கிறேன், எதை நம்புவது என்று தெரியவில்லை, அப்பாவின் பென்ஷன் கடிதம் கூடச் சரியாகத்தான் படித்தாயா என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது பார், அந்த அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை டிப்போ பஸ்ஸில் ஏறி அவன் தெரு முனையில் இறங்கினேன். மூன்றாவது வீடு, பச்சைக் கதவு, அதே பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உள்ளேயிருந்து அவன் இருமுகிற சத்தம் கேட்டது, நெஞ்சுச் சளி அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தப்பு என் மேல்தான் தம்பி என்று காலில் விழக்கூட எனக்குக் கூச்சமில்லை, அவன் சின்னவன்தான், பரவாயில்லை. ஆனால் அப்படியானால் யாரக்கா எடுத்தது என்று கேட்பானே, கேட்காவிட்டாலும் அவன் முகம் கேட்குமே. அதற்குப் பதிலை நான் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன், சொல்லாவிட்டால் அவனை இரண்டாம் தரமும் ஏமாற்றியவள் ஆவேன். தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பதில் உன்னுடையது, என்னுடையது அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. நோட்டுக்காரி ஊரில் எல்லோரையும் விசாரித்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எழுதி வைத்திருந்தாள். ஸ்டேஷன் மூடப்பட்டதற்குக் கேட் கீப்பர் ஒருவர் கடிதத்தை மறைத்ததே காரணம் என்று ஊரார் சொல்கிறார்கள் என்று. அச்சில் வந்துவிட்டால் அவ்வளவுதான், என் தம்பியின் பேரப்பிள்ளைகள் அதே வாசகசாலைக்குப் போய் உட்கார்ந்து அதைப் படிப்பார்கள். அந்தப் பக்கத்தை நிறுத்தி வை, முழு உண்மை தெரிந்த ஒரே ஆள் வெளிநாட்டில் இருக்கிறான், அவன் எழுதுவான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். யார் என்று அவள் கேட்கவில்லை, கெட்டிக்காரப் பெண், கோலிக்குண்டைப் பார்த்தவள்தானே. அடுத்த மாசம் பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. இத்துடன் அந்த ஆபீஸ் கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். அதை நம் எழுத்தில், முன்பு மாதிரியே ஒரு சீட்டில், உள்ளது உள்ளபடி எழுது. அதன் கீழே நீ செய்ததை எழுது. அன்றைக்கு நான் டீ கொடுத்தபோது அந்த அதிகாரி உண்மையில் என்ன கேட்டார், நான் சிரித்துக்கொண்டே சொன்னதை நீ அவருக்கு என்னவென்று மாற்றிச் சொன்னாய், அதையும் எழுது, அது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். எழுதி எனக்கு அனுப்பாதே. உன் மாமாவுக்கு அனுப்பு, விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்ததை அக்கா மூலம் தெரிந்துகொள்வேன், அவன் படித்து முடித்த பிறகு நான் அந்தப் பச்சைக் கதவைத் தட்டுகிறேன். பதினைந்தாம் தேதிக்குள் உன் கடிதம் அவனுக்கு வந்து சேராவிட்டால் நானே நோட்டுக்காரியிடம் உட்கார்ந்து சொல்லிவிடுவேன், என் பிள்ளை பெயரை மறைக்காமல். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது, இப்போது இருப்பதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் காட்டினார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்கு உடனே காதுவலி வந்துவிடும். மருமகள் வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறாள், பாத்திரத்தையாவது நீ கழுவு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பேத்திக்கு நம் எழுத்தைச் சொல்லிக்கொடு, இந்த வருஷமே ஆரம்பி. இனிமேல் நான் அவளுக்கு எழுதுவதை நீ படித்துச் சொல்ல வேண்டாம், அவளே படிக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும், நீ என்ன செய்திருந்தாலும் என் வாயில் வேறு வார்த்தை வராது, அதுதான் எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

நகலோடு கூட அந்த விடுதி விண்ணப்பத்தையும் வைத்திருக்கிறேன், அது அசல்தான், நீயே வைத்துக்கொள். காலியாக இருந்த இடத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா